டன் கணக்கும் தட்டுக் கணக்கும்

இந்திய நாட்டின் ஓராண்டு இறைச்சி உற்பத்தி ஒரு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. 2023-24ஆம் ஆண்டில் 1 கோடியே 2 லட்சத்து 50 ஆயிரம் டன் என்று மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை கணக்கு வெளியிட்டது. 2014-15-ல் இது 66 லட்சத்து 90 ஆயிரம் டன்னாக இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் ஒன்றரை மடங்கு. நல்ல செய்திதான். ஆனால் நம் தாய்மார்கள் கறிக்கடையில் நின்று கால் கிலோவா அரைக் கிலோவா என்று மனக்கணக்குப் போடும்போது, இந்தக் கோடி டன் எங்கே போயிற்று என்ற கேள்வி எழாமல் இருக்காது.

சம்பளம் வாங்கிய வாரம் ஆட்டுக்கறி, அடுத்த வாரம் கோழி, மூன்றாவது வாரம் முட்டை, கடைசி வாரம் ரசமும் கருவாடும் என்பது நம் குடும்பங்களின் எழுதப்படாத பஞ்சாங்கம். பல வீடுகளில் முதல் வாரத்து ஆட்டுக்கறி எப்போதோ நின்றுவிட்டது. நாட்டின் உற்பத்தி ஏறிக்கொண்டே போக, நம் பஞ்சாங்கத்தில் மட்டும் ஏன் நாட்கள் குறைகின்றன? விலைவாசி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி முடித்துவிட முடியாது. நாட்டின் இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, எந்தச் சட்டம் அதன் குறுக்கே நிற்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பது விளங்கும்.

அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு?

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி, 1961-ல் இந்தியாவின் மொத்த இறைச்சி உற்பத்தி ஏறத்தாழ 17 லட்சம் டன். அன்றைய மக்கள்தொகை 44 கோடி. தலைக்கு ஓராண்டுக்கு நான்கு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இன்று உற்பத்தி ஆறு மடங்காகிவிட்டது. மக்கள்தொகையோ 140 கோடியைத் தாண்டிவிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஓராண்டுக்கு ஏழு கிலோவும் சில்லறையும். நாளைக்கு 20 கிராம். உற்பத்தி ஆறு மடங்கு பெருகியும், தலைக்குக் கிடைக்கும் பங்கு இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இதிலிருந்து கப்பலேறிப் போவதையும் கழித்தால் ஆறரை கிலோவுக்குள் நின்றுவிடுகிறது.

இது சராசரிக் கணக்கு. ஐந்து நட்சத்திர ஓட்டலில் சாப்பிடுகிறவரையும், நடைபாதையில் படுத்துறங்குகிறவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவது சராசரியின் வேலை. ஆகவே இலையில் என்ன விழுந்தது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மக்களுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள ஆண்களில் 100-க்கு 83 பேரும், பெண்களில் 100-க்கு 71 பேரும் அசைவம் உண்பவர்கள். 1999-2000-ல் ஒரு கிராமக் குடும்பம் செலவிட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் தானியத்துக்கு 22 ரூபாயும், முட்டை, மீன், இறைச்சி மூன்றுக்கும் சேர்த்து 3 ரூபாய் சொச்சமும் போயின. 2022-23-ல் இரண்டுக்கும் சமமாக ஏறத்தாழ ஐந்தைந்து ரூபாய் போயிருக்கிறது. சோறு மட்டும் போதாது, சோற்றோடு சத்தும் வேண்டும் என்று ஏழை மக்கள் தங்கள் கைக்காசால் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இந்தியா சைவ நாடு என்று மேடையில் பேசுகிறவர்கள் அரசாங்கத்தின் இந்தப் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஆடு எட்டாமல் போன கதை

1951-ல் எடுத்த கால்நடைக் கணக்கில் நாட்டில் வெள்ளாடு 4 கோடியே 72 லட்சம். செம்மறி ஆடு 3 கோடியே 91 லட்சம். 2019-ல் எடுத்த கணக்கில் வெள்ளாடு 14 கோடியே 89 லட்சம். செம்மறி 7 கோடியே 43 லட்சம். எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் 1951-ல் நான்கு பேருக்கு ஓர் ஆடு இருந்தது. 2019-ல் ஆறு பேருக்கு ஓர் ஆடு. கையில் காசுள்ளவர்கள் பெருகினார்கள். ஆடு அந்த வேகத்தில் பெருகவில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆட்டை வளர்ப்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலமில்லாதவர், புஞ்சைக்காரர், விதவைப் பெண்மணி, கிடை போடும் இடையர் இவர்கள்தான். இவர்களுடைய ஆடு மேய்ந்தது ஊர்ப் புறம்போக்கில், தரிசில், கண்மாய்க் கரையில். அந்த மேய்ச்சல் நிலங்கள் வீட்டுமனையாகவும் ஆலையாகவும் வேலி போட்ட பண்ணையாகவும் சுருங்கிவிட்டன. ஆட்டை மேய்த்த பிள்ளைகளோ இன்று இந்த மும்பையில் தோல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் நிற்கிறார்கள். ஆடு வளர்த்தவன் மகனுக்கே ஆட்டுக்கறி எட்டாத பண்டம் ஆகிவிட்டது. இன்று ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கும் பணத்தில் ஏறத்தாழ மூன்று கிலோ கோழிக்கறி வாங்கலாம்.

1971-ல் மும்பை தேவ்னாரில் மாநகராட்சி பெரியதோர் அறுப்புக்கூடத்தைத் திறந்தது. பல மாநிலங்களிலிருந்தும் ஆடுகள் அங்கே வந்து இறங்குகின்றன. பக்ரீத் சமயத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அங்கே பார்க்கலாம். இத்தனை பெரிய சந்தை பக்கத்திலேயே இருந்தும் தாராவியிலும் கோவண்டியிலும் வாழும் தொழிலாளிக்கு ஆட்டுக்கறி திருவிழாப் பண்டம்தான்.

கோழி பிடித்த இடம்

ஆடு விட்ட இடத்தைக் கோழி பிடித்தது. 1951-ல் நாட்டில் இருந்த கோழி வகைகள் 7 கோடியே 35 லட்சம். 2019-ல் 85 கோடியே 18 லட்சம். 1961-ல் கோழி இறைச்சி ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. 2023-24-ல் ஏறத்தாழ 50 லட்சம் டன். நாட்டில் விற்கும் ஒவ்வொரு இரண்டு கிலோ இறைச்சியிலும் ஒரு கிலோ கோழிக்கறி. விருந்தாளி வந்தால் மட்டும் கோழி அடித்த காலம் மலையேறிவிட்டது.

இந்த மாற்றத்தில் நம் தமிழ் மண்ணுக்கும் பெரும் பங்குண்டு. நாமக்கல் முட்டைக்குப் பேர் பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் கோவை வட்டாரத்தில் ஒப்பந்த முறைப் பண்ணை பரவியது. கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், மருந்து தரும். விவசாயி கொட்டகை போட்டு, தண்ணீர் காட்டி, ராப்பகலாகக் கண்விழித்து வளர்த்துக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 40 நாளில் கோழி இரண்டு கிலோவைத் தாண்டும். கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். விவசாயிக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வளர்ப்புக் கூலி. இந்த முறை பின்னர் மராட்டியம், ஆந்திரம், கர்நாடகம், வங்காளம் என்று நாடெங்கும் போயிற்று.

இதில் நன்மை இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஏழையின் வாய்க்கு மாதம் இரண்டு முறையாவது இறைச்சியை எட்டவைத்தது பிராய்லர் கோழிதான். பழைய முறையில் விலை விழுந்தால் விவசாயி மூழ்கிப்போவான். ஒப்பந்த முறையில் விலை வீழ்ச்சியின் பெரும்பகுதியைக் கம்பெனி ஏற்கிறது. ஆனால் கோழி யாருடையது? கம்பெனியுடையது. விலை யார் கையில்? விவசாயி கையில் இல்லை. கடைக்காரன் கையிலும் இல்லை. கொட்டகைக் கடனும் மின்சாரக் கட்டணமும் மட்டும் விவசாயி தலையில். வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கேட்டுப் பல்லடத்திலும் பிற ஊர்களிலும் பண்ணையாளர்கள் போராட வேண்டியிருந்ததன் காரணம் இதுதான். ஆலைத் தொழிலாளியின் கூலிப் போராட்டத்துக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

ஒற்றைக் காலில் நிற்கும் வீடு காற்றுக்கு ஆடும். நாட்டின் பாதி இறைச்சி ஒரே பறவையை நம்பி நிற்பதும் அப்படியே. 2006 பிப்ரவரியில் இந்தியாவில் முதன்முறையாகப் பறவைக் காய்ச்சல் கண்டது இந்த மராட்டிய மாநிலத்தின் நவாப்பூரில். லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. 2020-ன் தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று கிளம்பிய பொய் வதந்தி விலையைத் தரைமட்டமாக்கிற்று. பண்ணையாளர்கள் குஞ்சுகளை உயிரோடு புதைத்த கொடுமையும் நடந்தது. 2021-ல் சோயாப் பிண்ணாக்கு விலை ஏறியபோது, மத்திய அரசு 12 லட்சம் டன் சோயாப் பிண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அனுமதிக்க வேண்டியதாயிற்று. இப்போது மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்கும் போகிறது. கோழியும் காரும் ஒரே சோளத்துக்குப் போட்டி போட்டால் யார் தோற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ கோழி வளர ஒன்றரை கிலோவுக்கு மேல் தீவனம் வேண்டும். தீவன விலை ஏறினால் நம் வீட்டுக் குழம்பில் துண்டு குறையும்.

மாட்டுக்கறியும் சட்டமும்

ஏழைக்கு எட்டிய மற்றொரு இறைச்சி மாட்டுக்கறி. இதைப் பேசத் தயங்குகிறவர்கள் உண்டு. நாம் தயங்கவில்லை. 1958-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வே, மாட்டிறைச்சியும் எருமை இறைச்சியும் ஏழைகள் பெருமளவில் உண்ணும் மலிவான உணவு என்பதைத் தன் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொண்டது. பசுவையும் கன்றையும் அறுக்கத் தடை செல்லும் என்றும், உழைக்கும் சக்தி இழந்த எருதுக்கு முழுத் தடை செல்லாது என்றும் அன்று சொன்னது. 2005-ல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றிக்கொண்டு, முழுத் தடையும் செல்லும் என்றது.

மராட்டிய மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பசுவை மட்டும் காத்தது. 1995-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இருபது ஆண்டுகள் கிடந்து, 2015 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. காளையும் எருதும் அன்றோடு தடைப்பட்டியலில் சேர்ந்தன. மீறி அறுத்தால் ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம். எருமைக்கு மட்டும் தடையில்லை. 2016 மே 6 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. ஆனால் வேறு மாநிலத்தில் அறுத்த இறைச்சியை ஒருவர் வைத்திருப்பதும் உண்பதும் குற்றமாகாது என்றும், வீட்டில் என்ன உண்கிறோம் என்பது அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்றும் தீர்ப்பளித்தது. இந்த இரண்டாவது பகுதியை நம்மவர் பலர் அறியார். அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தடையின் அடி யார் யார் மேல் விழுந்தது? முதலில் உண்பவன் மேல். ஊர்ச் சந்தையில் வெளிப்படையாக விற்கும் எருதுக்கறி, இங்கே வந்ததும் கடையில் இல்லை. அடுத்து அறுப்புத் தொழிலாளி, சில்லறை வியாபாரி மேல். அடுத்து தோல் தொழில் மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள்; ஆதிதிராவிட மக்கள் அதில் உழைத்தார்கள். நாம் இந்த நகரத்தில் காலூன்றிய வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று அது. கறிக்கும் தோலுக்கும் உள்ள உறவை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியாக அடி விழுந்தது உழவன் மேல். உழைத்து ஓய்ந்த எருதை விற்று, அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டுப் புதிய எருது வாங்குவது அவன் வழக்கம். விற்க வழியில்லாத எருதுக்கு அவன் எங்கிருந்து தீனி போடுவான்?

2017 மே 23 அன்று மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. கால்நடைச் சந்தையில் எந்த மாட்டையும், எருமையையும்கூட, அறுப்புக்கு விற்கக் கூடாது என்றது. ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. மதுரையில் ஏற்றிய விளக்கு நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்தது என்று நாம் பெருமைப்படலாம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2023-24-ல் இந்தியா ஏறத்தாழ 13 லட்சம் டன் எருமை இறைச்சியை ஏற்றுமதி செய்தது. வந்த வருமானம் 31 ஆயிரம் கோடி ரூபாய். வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக் என்று பல நாடுகள் வாங்குகின்றன. எலும்பு நீக்கி, உறைய வைத்து, பெட்டியில் அடைத்த இறைச்சி நம் பக்கத்திலுள்ள நாவசேவா துறைமுகத்தின் வழியாகவும் கப்பலேறுகிறது. ஏற்றுமதியை நாம் எதிர்க்கவில்லை; எருமை வளர்க்கும் உழவனுக்கு அதனால் விலை கிடைக்கிறது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். டாலர் வரும்போது புனிதமாக இருக்கும் இறைச்சி, தொழிலாளி வாங்கும்போது மட்டும் ஏன் பாவம் ஆகிறது?

2024 ஆகஸ்டில் துலேயிலிருந்து மும்பை வந்த விரைவு ரயிலில் ஒரு முதியவரைச் சக பயணிகள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். அவர் டப்பாவில் இருந்தது மாட்டுக்கறியோ என்று சந்தேகமாம். ரயில்வே ஊழியர்கள் என்ற முறையில் நாம் இதை வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம். பயணச்சீட்டைச் சோதிக்க ரயிலில் ஆள் உண்டு. சோற்று டப்பாவைச் சோதிக்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது. 2025 ஆகஸ்ட் 15 அன்று கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி இறைச்சிக் கடைகளை மூட உத்தரவிட்டது. சுதந்திர தினத்தன்று எதைச் சமைப்பது என்ற சுதந்திரம் நமக்கு இல்லாமல் போயிற்று! விடுமுறை நாளில்தான் தொழிலாளி குடும்பத்தோடு உட்கார்ந்து ஒருவேளை கறிச்சோறு உண்கிறான் என்பதை உத்தரவு போட்டவர்கள் அறியாதவர்களா?

சைவம் உண்பவர்களை நாம் மதிக்கிறோம். அவர்கள் இலையில் நாம் எலும்பைப் போடப் போவதில்லை. நம் இலையிலிருந்து அவர்கள் எடுக்காமல் இருந்தால் போதும்.

அரசாங்கமே எழுதிவைத்த கணக்கு

இனி நாம் சொல்லப்போவது ஒவ்வொரு தொழிலாளி வீட்டிலும் பேசப்பட வேண்டியது. 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு முறையை வகுத்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்ற குடும்பத்தை மூன்று உண்ணும் அலகுகளாகக் கொண்டு, உணவு, துணி, வாடகை, எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டிக் கூலியை நிர்ணயிக்க வேண்டும் என்பது அந்த முறை. ஊரில் உள்ள தாய் தகப்பனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை என்பது வேறு கதை. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர்க்கு அந்தக் குறை நன்றாகத் தெரியும்.

2015 நவம்பரில் அறிக்கை தந்த 7-வது மத்திய ஊதியக் குழு, இந்த முறையைக் கொண்டே 18 ஆயிரம் ரூபாய் குறைந்தபட்ச ஊதியத்தை வகுத்தது. அந்த அட்டவணையில் அரிசி, கோதுமை, பருப்பு, காய்கறி, பால் என்று வரிசையாக எழுதிவிட்டு, ஒரு குடும்பத்துக்கு மாதத்துக்கு இறைச்சி 5 கிலோ, மீன் இரண்டரைக் கிலோ, முட்டை 90 என்று எழுதியிருக்கிறார்கள். இது நாம் கேட்ட கணக்கல்ல. ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் அமைந்த அரசுக் குழு எழுதிய கணக்கு.

மாதம் 5 கிலோ என்றால் ஆண்டுக்கு 60 கிலோ. நாலு பேர் குடும்பத்தில் தலைக்கு 15 கிலோ. நாட்டின் மொத்த உற்பத்தியை வகுத்தால் தலைக்கு வருவதோ ஏழு கிலோ சொச்சம். ஆண்டுக்கு முட்டை தலைக்கு 270 என்று அட்டவணை சொல்கிறது. 2023-24-ல் நாட்டில் கிடைத்தது தலைக்கு 103. அதாவது, குறைந்தபட்சத் தேவை என்று அரசுக் குழுவே எழுதியதில் பாதிக்கும் குறைவாகத்தான் நாட்டில் விளைகிறது.

அந்த 18 ஆயிரமும் யாருக்குக் கிடைத்தது? நிரந்தர அரசு ஊழியருக்கு. அதே ரயில் நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த அட்டவணை பொருந்தவில்லை. தாராவிப் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் தைக்கும் தம்பிக்குப் பொருந்தவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிக்குப் பொருந்தவில்லை. நிரந்தரத் தொழிலாளியின் வயிறு ஒரு அளவு, ஒப்பந்தத் தொழிலாளியின் வயிறு வேறு அளவா? 2025-ல் 8-வது ஊதியக் குழு அமைக்கப்பட்டது. சங்கங்கள் மனுக் கொடுக்கும்போது இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே சோறு என்று கேட்க வேண்டும். கேட்காத சங்கம் தன் கதவைத் தானே அடைத்துக்கொள்கிறது.

பிள்ளைகளின் முட்டை

பெரியவர்கள் பட்டினியைத் தாங்குவார்கள். பிள்ளைகள்? தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தசோகை என்று கண்டது. பெண்களில் 100-க்கு 57 பேருக்கு. இறைச்சி ஒன்றே இதற்கு மருந்து என்று நாம் சொல்லவில்லை; கீரையும் பயறும் நல்ல தண்ணீரும் கழிப்பிடமும் வேண்டும். ஆனால் இரும்புச் சத்தும் புரதமும் உடம்பில் எளிதாகச் சேரும் வடிவில் இருப்பது ஈரலிலும் இறைச்சியிலும் முட்டையிலும் மீனிலும் என்பது மருத்துவர்கள் சொல்வது.

தமிழ்நாட்டில் 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. ஊரில் அண்ணன் மகன் வாரம் ஐந்து முட்டை உண்ணும்போது, மும்பையில் தம்பி மகனுக்கு என்ன? மராட்டிய அரசு 2023 நவம்பரில் பள்ளிகளில் வாரம் ஒரு முட்டை தரத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அதற்கான நிதியை நிறுத்திவிட்டது. முட்டை கொடுக்க வேண்டுமானால் ஊரார் நன்கொடையில் கொடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒரே நாடு என்று முழங்குகிறார்கள். முட்டைக்கு மட்டும் மாநில எல்லை போட்டிருக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம் பெற்றோர் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள்? போக வேண்டும். முட்டை வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கட்டும். வேண்டும் என்கிற பிள்ளையின் வாயை அடைக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு பங்கீடு

அரசாங்கத்தைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்கள் 83, பெண்கள் 71 என்ற கணக்கை மேலே சொன்னோம். உண்பதாகச் சொன்ன பெண்களிலும் எத்தனை பேருக்குக் குழம்பு மட்டும் மிஞ்சுகிறது? வேலைக்குப் போகிறவர் என்று கணவனுக்குத் துண்டு, வளர்கிற பிள்ளை என்று மகனுக்குக் கால், அம்மாவுக்கு அடிச்சட்டி. வயதுக்கு வந்த மகளுக்கு, கருவுற்ற மருமகளுக்கு, பால் கொடுக்கும் தாய்க்கு இரத்தம் எங்கிருந்து ஊறும்? ஆலையில் சம பங்கு கேட்டுக் கொடி பிடிக்கிறவன், அடுப்படியில் சம பங்கு தர மறுப்பது நியாயமல்ல. ஈரலை முதலில் பெண்பிள்ளைக்கு வையுங்கள். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.

நாம் கேட்பது என்ன?

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் முட்டையை மீண்டும் கொடுக்க வேண்டும். நன்கொடையில் அல்ல, அரசாங்கச் செலவில். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது, நிரந்தரத் தொழிலாளிக்கு எழுதிய அதே உணவு அட்டவணையை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் எழுத வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளில் தண்ணீர், வடிகால், குளிர்பதன வசதியுள்ள இறைச்சிச் சந்தையை மாநகராட்சி கட்டித் தர வேண்டும். சாக்கடை ஓரத்துக் கடைக்காரனை விரட்டுவதைவிட அவனுக்கு உரிமமும் இடமும் கொடுப்பது மேல். கோழிப் பண்ணையாளரின் வளர்ப்புக் கூலிக்கு அரசு ஒரு அடிப்படை விலை வகுக்க வேண்டும். ஆடு வளர்க்கும் ஏழைகளுக்கு மேய்ச்சல் புறம்போக்கை மீட்டுத் தர வேண்டும். ரயிலிலோ தெருவிலோ பிறர் உணவைச் சோதித்து அடிக்கிறவன் மேல் சாதாரண அடிதடி வழக்குப் போல அல்லாமல் கடுமையான நடவடிக்கை வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஐந்து கிலோ என்று அரசாங்கமே தன் ஏட்டில் எழுதியிருக்கிறது. அதை ஏட்டிலிருந்து இறக்கி இலையில் வைக்கச் சொல்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் எழுதிய கறியும் அப்படியே.

கோடி டன் என்று கேட்டு மயங்கிவிடாதீர்கள், தோழர்களே. வரும் மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஒரு மாதத்தில் உங்கள் வீட்டில் எத்தனை கிலோ இறைச்சி, எத்தனை முட்டை வாங்கினீர்கள், என்ன விலை கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எல்லாத் தாள்களையும் கூட்டிப் பார்ப்போம். ஐந்து கிலோவுக்கு எத்தனை குறைகிறது என்று பார்ப்போம். அந்தக் குறையை மனுவில் எழுதி, கையெழுத்து வாங்கி, தொழிலாளர் துறைக்கும் மாநகராட்சிக்கும் கொண்டுபோவோம். அவர்களிடம் டன் கணக்கு இருக்கிறது. நம்மிடம் தட்டுக் கணக்கு இருக்கட்டும்.